கோடு மாறிய கல்

பொறாமையைக் கண்டுபிடிப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சொந்தச் சரக்கு நிறைய இருப்பதால் அடுத்தவரிடம் இருப்பது உடனே தெரிந்துவிடும். அக்காவைக் கட்டியவர் என்பதால் நான் ‘அத்தான்’ என்று கூப்பிடும் துப்பறிவாளரிடம் ஆறு வருடமாக உதவியாளனாக இருக்கிறேன். வழக்கு முடிந்ததும் பேப்பரில் அவர் படம் வரும். பக்கத்தில் என் முழங்கை வரும். அக்கா அதைக் கத்தரித்து ஒட்டும்போது முழங்கையை வெட்டிவிடுவாள்.

அதனால் அன்று காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்த மனிதர் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆள் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறார் என்று. கழுத்துப்பிடிப்பு, இடுப்புவலி என்று வருகிறவர்களை அமுக்கி நீவி அனுப்பும் பிசியோதெரபிஸ்ட் அவர். கை குலுக்கியபோது என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். இனி அவரைப் பிசியோ என்றே சொல்கிறேன்.

பிசியோவின் மனைவி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் படிகம் வளர்ப்பவர். உப்புக் கரைசலிலிருந்து கல்லை வளர்த்தெடுப்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் ‘உப்பு டாக்டர்’. எட்டு மாதம் கண்விழித்து ஒரு கல்லை வளர்த்து, அதிலிருந்து விரல் நகம் அளவுக்கு மெல்லிய தகடாக ஒரு துண்டு வெட்டியிருந்தார். வெட்டிய துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேலே கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள்தான் அங்கே கல்லுக்கு அடையாள அட்டை. படம் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை எடுத்த படத்தில் கோடுகள் ஒரு மாதிரி இருந்தன. திங்கட்கிழமை வெளியிலிருந்து வந்த நிபுணர் குழு பூட்டிய அலமாரியைத் திறந்து பார்த்தபோது கோடுகள் வேறு மாதிரி இருந்தன. யாருடைய கல்லையோ காட்டித் தன் கல் என்று ஏமாற்றியிருக்கிறார், இப்போது வேறு கல்லை வைத்திருக்கிறார் என்று குழு எழுதிவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்கு நிலையத்தின் இயக்குநர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அதோடு உப்பு டாக்டருக்கு வேலை போகும், எட்டு மாத உழைப்புக்கு மோசடி என்று பெயர் விழும்.

“லென்ஸ்தான் சார் மாத்தியிருக்கான்,” என்றார் பிசியோ. லென்ஸ் என்பது அங்கே மைக்ராஸ்கோப் பார்க்கிறவருக்கு வைத்த பட்டப்பெயர். “சாப்பிட உட்கார்ந்தா அவ வாயில லென்ஸ் அதைப் பார்த்தார், லென்ஸ் இதைப் பார்த்தார். சாப்பாடே இறங்காது எனக்கு.”

அதன் பிறகு அவர் கொட்டிய குறைகளை நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். கல்லுக்கு ஏசி, தனக்கு ஃபேன். கல்லைக் கண்ணு என்று கொஞ்சுகிறாள், தன்னை ‘ஏங்க’ என்று கூடக் கூப்பிடுவதில்லை. மனைவியின் செல்போன் திரையில் கல்யாணப் படம் இருந்த இடத்தில் கல்லின் படம். எட்டு மாதம் குடும்பத்தை விட்டுவிட்டு வளர்த்தது என்னவென்று பார்த்தால், அமுக்கினால் நெளிகிற சாமான். எல்லாவற்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினால் இரண்டு நாள் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் சிரிக்கவில்லை. கிளம்பலாம் என்றார்.

வழியில் பிசியோ வீட்டில் இறங்கி மனைவிக்குச் சமைத்து டப்பாவில் கட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. பிசியோவை நடைபாதை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அத்தான் கதவைத் தள்ளினார். உள்ளே குளிர் எலும்பைப் பிடித்தது. அறை எப்போதும் இருபது டிகிரி. சுவரில் ஒரு கருவி அந்த வெப்பத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்துகொண்டே இருந்தது. உப்பு டாக்டர் ஸ்வெட்டருக்குள் கைகளைச் செருகிக்கொண்டு நின்றார். அழுது முடித்த முகம். அவருக்கு நான்கடி தள்ளி, வேண்டுமென்றே தள்ளி, லென்ஸ் நின்றார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. எனக்கு ஒரு பார்வை போதும். இவரிடமும் சரக்கு இருந்தது.

கோடு ஏன் வருகிறது என்று அத்தான் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

லென்ஸ் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். கல்லுக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முப்பத்தொரு டிகிரிக்கு மேலே எல்லாம் நேராக நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் நேராக நிற்க முடியாமல் சாய்ந்துவிடும். சில வரிசைகள் இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். இரண்டு கூட்டமும் சந்திக்கிற எல்லைதான் கோடு.

“மறுபடி சூடாக்கினா?” என்றார் அத்தான்.

“எல்லாம் நிமிர்ந்துடும், கோடு போயிடும். ஆறினதும் திரும்பச் சாயும். ஆனா போன தடவை எந்தப் பக்கம் சாய்ஞ்சோம்னு ஞாபகம் வச்சுக்காது.”

“கொடுத்து வச்ச குடும்பம்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உப்பு டாக்டர் அப்போதுதான் வாய் திறந்தார். இதையேதான் குழுவிடமும் சொன்னாராம். கல் மாறவில்லை, சூடாகியிருக்கிறது என்று. அவர்கள் சுவர்க் கருவியின் காகிதத்தைக் காட்டினார்கள். வெள்ளி முதல் திங்கள் வரை இருபதிலிருந்து அரை டிகிரிகூட ஏறவில்லை. போதாததற்கு அதே அலமாரியில், பக்கத்துக் கிண்ணத்தில், அதே கல்லிலிருந்து வெட்டிய இன்னொரு துண்டு இருந்தது. தங்கச்சிக் கல் என்று அதற்குப் பெயர். அதன் கோடுகள் வெள்ளிக்கிழமை எடுத்த அதன் படத்தில் இருந்தபடி அப்படியே இருந்தன.

“அப்ப அலமாரி சூடாகலை. அக்காக் கல்லு மட்டும் வெளிய போய்ச் சூடாகிட்டு வந்திருக்கு,” என்று அத்தான், அந்தக் கல் வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் கோடுகள். நடுவில் மட்டும் ஒரு கோடும் இல்லாமல் வழுக்கை விழுந்திருந்தது. அந்த வழுக்கையின் மேல் மங்கலாக ஒரு தடம்.

தடம் வியர்வை பட்ட இடம் என்றார் லென்ஸ். இந்தக் கல் தண்ணீரில் கரையும், ஈரம் பட்டால் பளபளப்பு போய்விடும். வழுக்கை என்பது அமுக்கம் விழுந்த இடம். அமுக்கினால் அந்த இடத்தில் எல்லா வரிசையும் ஒரே பக்கம் சாய்ந்துவிடும், எல்லை இருக்காது, கோடும் இருக்காது.

“சூடானாலும் ஆறினாலும் மாறாதது ஏதாவது இந்தக் கல்லுல இருக்கா?” என்றார் அத்தான்.

லென்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். பிறகு வெள்ளிக்கிழமைப் படத்தை எடுத்து வைத்து ஒரு மூலையைக் காட்டினார். வளரும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட மூன்று குமிழிகள். கடுகைவிடச் சிறியவை. மைக்ராஸ்கோப்பில் இருந்த கல்லிலும் அதே மூலையில் அதே மூன்று குமிழிகள், அதே இடைவெளியில்.

ஆக, கல் அதேதான்.

உப்பு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லென்ஸை நிமிர்ந்து பார்த்து, இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். திங்கட்கிழமையே தெரியும் என்றார் லென்ஸ். யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

நான் விடவில்லை. அவரை நடைபாதையின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், நீதானே எடுத்துச் சூடாக்கினாய் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“எனக்குப் பொறாமை உண்டு. ஒன்பது வருஷமா நான் பார்த்துச் சொல்றேன், பேரு அவங்களுக்குப் போகுது. வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது தப்புதான். ஆனா வெறும் கையால கல்லைத் தொட மாட்டேன் சார். இந்த மாடியில யாருமே தொட மாட்டாங்க. கழுத்துல கத்தி வச்சாலும் இடுக்கியைத்தான் தேடுவோம்.”

பார்த்துச் சொல்கிறவர் ஒருவர், பேர் வாங்குகிறவர் இன்னொருவர். அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சந்தேகப் பட்டியலில் இருந்து அவரை அடித்துவிட்டேன். பட்டியலில் வேறு பெயர் இல்லை.

மூன்றரைக்கு இயக்குநர் அறையில் குமிழிகளைக் காட்டினோம். அவர் நியாயமான மனிதர், அதுதான் தொல்லை. கல் அதேதான் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அலமாரிச் சாவி ஒன்றுதான், அது உப்பு டாக்டரிடம்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு வெளியாள் யாரும் வரவில்லை என்று காவலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் கல்லை எடுத்துக் கெடுத்துவிட்டு மறைத்ததும் அவர்தான். கடிதத்தில் மோசடி என்ற சொல்லை மாற்றிக்கொள்ளலாம், கடிதம் மாறாது என்றார். ஐந்து மணி ஐந்து மணிதான்.

வெளியே வந்ததும் உப்பு டாக்டர் அழ ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வீட்டில் தூங்கினேன், சாவி என் கைப்பையில்தான் இருந்தது, நான் தொடவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். முப்பத்தொரு டிகிரிக்கு மேலே நேராக நிற்கும், கீழே சாயும், சரி. சரியாக முப்பத்தொன்றில் என்ன ஆகும்?

அழுதுகொண்டிருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலே மாறிவிட்டது.

“அதுதாங்க என் ஆராய்ச்சியே. சாயறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள பிடிமானம் போயிடும். எல்லாப் பக்கமும் இல்ல, ஒரே ஒரு பக்கமா மட்டும். அந்தப் பக்கம் தள்ளினா எதிர்க்கத் தெம்பே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரம் கல்லு கல்லா இருக்காது, நெளிஞ்சு கொடுக்கும்.”

“நீங்க பார்த்திருக்கீங்களா?”

இல்லை என்றார். கணக்குப் போட்டதுதான். அளந்து பார்க்கிற கருவி அடுத்த மாதம்தான் வருகிறது. கட்டுரையில்கூடக் கணக்கு என்றுதான் எழுதியிருக்கிறார். இருபது டிகிரியில் அது கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும், தொட்டவர்கள் எல்லோரும் இடுக்கியால் அந்த விறைப்பைத்தான் பார்த்திருக்கிறார்கள். கணவரிடம் இதைச் சொன்னதுண்டா என்று அத்தான் கேட்டார். உப்பு டாக்டர் கொஞ்சம் யோசித்து, அவரிடம் உட்கார்ந்து பேசியே மாதக் கணக்காகிறது என்றார்.

அத்தான் என் பக்கம் கையை நீட்டினார். “மாப்ளே, அந்த நோட்டைக் கொடு.”

காலையில் நான் எழுதிய பக்கத்தைப் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்தார். அமுக்கினால் நெளிகிற சாமான். என் கையெழுத்து. சிரிப்பதற்காக நானே எழுதிய வரி. உலகத்திலேயே யாரும் தொட்டுப் பார்க்காத ஒன்றைப் பற்றி எங்கள் கட்சிக்காரர் காலை பத்து மணிக்கே சொல்லிவிட்டார். நான் அதை எழுதி வைத்துக்கொண்டு லென்ஸைத் துரத்தியிருக்கிறேன். இதற்கும் பேப்பரில் அத்தான் படம்தான் வரும். வயிறு எரிந்தது.

பிசியோ பெஞ்சில் அப்படியே இருந்தார். மடியில் மனைவியின் சாப்பாட்டு டப்பா, திறக்கப்படாமல். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரொம்ப மெதுவாக, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வந்தீங்க என்று கேட்டார்.

பிசியோ மறுக்க வாயெடுத்தார். அத்தான் நோட்டைக் காட்டினார். கல் சூடாக இருந்தால்தான் நெளியும், சூடாக வேண்டுமானால் யாராவது கையில் பொத்தி வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். பிசியோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“கையில வச்சாலே மாறிடுமா?” என்றார். “அவ்வளவுதானா?”

பிறகு எல்லாம் வந்தது. ஞாயிறு மதியம் மனைவி தூங்கும்போது கைப்பையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறார். ஸ்வெட்டரை மறந்துவிட்டாள் என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். தினம் சாப்பாடு கொண்டுவருகிற மனிதரை யார் வெளியாள் என்று எழுதுவார்கள்? அலமாரியைத் திறந்து கல்லை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருக்கிறார். கீழே சாக்கடை. வீசிவிடலாம் என்றுதான் வந்தது. கால் மணி நேரம் நின்றும் கை வீசவில்லை. கட்டை விரலால் அமுக்கினார், நெளிந்தது. இந்த பிளாஸ்டிக்குக்காகவா என்னை விட்டாள் என்று இன்னும் எரிச்சல். அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கல் மாறிவிட்டது என்று செய்தி வந்தபோது அவர் அதை முழுசாக நம்பினார். தான் வைத்தது பழைய கல், ஆகவே பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். யாரோ என்றால் லென்ஸ். லென்ஸாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். லென்ஸைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் வீட்டில் அந்தப் பேச்சு ஒழியும் என்று எங்களிடம் வந்துவிட்டார். தன்னைத்தானே பிடிக்கச் சொல்லி ஆள் வைத்த கட்சிக்காரரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

“நான் சொன்னா அவ முகத்துல முழிக்க முடியாது சார். கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்னு எந்த ஆம்பளை சொல்லுவான்?”

“சொல்லலைன்னா அவங்க வேலை போயிடும்,” என்றார் அத்தான். “நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். மணி நாலே முக்கால்.”

அவர் எழுந்திருக்க ஒரு நிமிடம் ஆனது. பிறகு சாப்பாட்டு டப்பாவை பெஞ்சில் வைத்துவிட்டு இயக்குநர் அறைக்குள் போனார். நாங்கள் பின்னால் போனோம். உள்ளே உப்பு டாக்டரும் லென்ஸும் இருந்தார்கள். பிசியோ உட்காரவில்லை. சாவி எடுத்தது முதல் திரும்ப வைத்தது வரை, பொறாமை என்ற சொல்லையும் விடாமல், சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார். லென்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். இயக்குநர் காவலாளியை அழைத்து ஒரே கேள்வி கேட்டார், வந்தார் சார் என்று பதில் வந்தது. இயக்குநர் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

உப்பு டாக்டர் கணவரைப் பார்த்த பார்வையில் நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று நினைத்தேன். உப்பு டாக்டரோ மேசைக்கு வந்து, ஒரு நோட்டை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

“எந்தப் பக்கம் அமுக்குனீங்க?”

பிசியோ திகைத்தார். கட்டை விரலைக் காற்றில் வைத்துக் காட்டினார். எவ்வளவு நேரம் கழித்து நெளிந்தது, திருப்பிப் பிடித்தபோதும் நெளிந்ததா, விட்டால் தானாக நிமிர்ந்ததா என்று கேள்விகள் வரிசையாக வந்தன. குறுக்கே திருப்பினால் கட்டை மாதிரி நின்றது, இந்தப் பக்கம் மட்டும்தான் விட்டுக் கொடுத்தது என்றார் பிசியோ. ஒரு நாளைக்கு முப்பது முதுகுகளைத் தொடுகிற விரல், துல்லியமாகச் சொன்னது. கணக்கு சரி என்று உப்பு டாக்டர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தான் பேசுவதை மனைவி எழுதிக்கொள்கிறாள் என்பது அந்த மனிதருக்கு மெல்ல உறைத்திருக்க வேண்டும். குரலில் தெம்பு ஏறிக்கொண்டே போனது. இன்னொரு பக்கம் லென்ஸின் முகம் வாடிக்கொண்டே போனது.

“வீசத்தானே எடுத்தீங்க,” என்றார் உப்பு டாக்டர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “ஏன் வீசலை?”

“நீ என்கூட இல்லாத நேரமெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு. வீசிட்டா அதுவும் போயிடுமேன்னு தோணிச்சு.”

அதை அவர் எழுதவில்லை. பேனா அப்படியே நின்றது. இயக்குநர் வேறு எங்கோ பார்த்தார். உப்பு டாக்டர் நோட்டை மூடினார்.

“நான் உங்களை மன்னிக்கலை. அதை வீட்டுல பேசிக்கலாம். நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வாங்க. தங்கச்சிக் கல்லுல சூடு ஏத்திப் பார்க்கணும், உங்க விரல் வேணும்.”

“விரல் மட்டும்தானா?” என்றார் பிசியோ.

“இப்போதைக்கு விரல் மட்டும்.”

பிசியோ தலையாட்டிக்கொண்டு வெளியே போனார். நடைபாதையில் நின்று கிளினிக்குக்குப் போன் போட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறவர்களை எல்லாம் வேறு நாளைக்கு மாற்றச் சொன்னார்.